சாய்வெட்டு மூங்கில்

சேலையூர்,
12.6.1968

கர்த்தருக்குள் பிரியமான தங்கை தபீதாளுக்கு,

அண்ணன் வேதசிரோமணி எழுதுவது. இங்கே நலம். உன் நலத்துக்கு எழுது. இந்தக் கடிதத்தில் நான் எழுத இருப்பவை:

1. நீ அனுப்பிய பெட்டி.
2. காகிதத்தைப் பற்றி உன் கோபமும் என் பதிலும்.
3. மூங்கிலை வெட்டினால் யானைகள் எங்கே போகும் என்ற உன் கேள்வி.
4. எலும்பைத் தேடி யானை வருகிறது என்று உங்கள் தொட்டிப்பள்ளத்து மக்கள் சொல்வது.
5. நீ இங்கே வந்துவிடுவது.

வரிசை போடாமல் எழுத உட்கார்ந்தால் என் கடிதம் எங்கேயாவது போய்விடுகிறது. பூகோள வாத்தியாராகவே ஓய்வு பெற்றவனின் வியாதி இது. சிரித்துக்கொள்.

முதலாவது. பெட்டி தாம்பரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. தூக்க முடியவில்லை. குமாஸ்தா, "இன்னா சார், அம்மிக்கல்லா?" என்றார். யானையின் பல் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. தந்தம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அங்கேயே பெட்டியைத் திறந்து காட்டினேன். "கடைவாய்ப் பல்லா? இத்த வெச்சிகினு இன்னா பண்ணுவே?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறைக்கு என்றேன். என்னவோ பொய் சொன்னவன் போல எனக்கு வியர்த்துவிட்டது.

வீட்டில் உன் அண்ணி ரத்தினபாய் அதை உள்ளே விடவில்லை. "செத்ததின் வாயில் இருந்ததை என் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்" என்றாள். ஆகவே இப்போது வராந்தாவில் என் மேஜை மேல், காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடம் நாளைக்கு ஆள் அனுப்பும்.

இரண்டாவது. 'நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு மூங்கில் இருக்கிறது' என்று எழுதியிருந்தாய். அது உண்மைதான். ஆனால் எங்கள் நோட்டுப் புத்தகச் சங்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். பெரும்பாக்கத்திலிருந்தும் அகரத்திலிருந்தும் ஏரிக்கரை மேல் நடந்து வருகிற பிள்ளைகள் போன வருஷம் பழைய கணக்கு நோட்டில் பென்சில் எழுத்தை ரொட்டித் துண்டால் அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதினார்கள். இந்த வருஷம் உங்கள் காட்டு மூங்கிலை வாங்கும் மில்காரர்கள் சலுகை விலையில் காகிதம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மார்க்கெட் பக்கத்தில் பைண்டிங் கடை வைத்திருக்கிற ஹிதாயத்துல்லா தைத்துத் தருகிறார். சங்கத்தின் காரியதரிசி நான். காகிதம் வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது? மூங்கில் புல் வகையைச் சேர்ந்தது. வெட்டினால் முளைக்கும்.

மூன்றாவது. என் பழைய சுவர்ப் படத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன். சத்தியமங்கலத்திலிருந்து முதுமலை, வயநாடு, மைசூர் வரைக்கும் பச்சை நிறம் எங்கும் அறுபடவில்லை. உங்கள் பக்கம் மூங்கில் குறைந்தால் யானைகள் அந்தப் பக்கம் போகும். யானைக்கு நாலு கால் இருக்கிறது, காடு பெரியது.

நான்காவது. எலும்பு எலும்புதான். நாம் வேதம் படித்த வீட்டில் பிறந்தவர்கள். செத்த மாட்டுக்காக மற்ற மாடு ஒரு நாள் கத்தும், மறுநாள் மேயும். யானையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது. பின்னறை காலியாக இருக்கிறது. மின்விசிறி போட்டாகிவிட்டது. ஓய்வு பெறும் வயது தாண்டியும் அந்தக் காட்டோர டிஸ்பென்சரியில் ஒற்றை நர்சாக நீ ஏன் இருக்க வேண்டும்?

இவற்றில் ஏதாவது தவறு என்றால் எண்ணைக் குறிப்பிட்டு எழுது.

அன்புள்ள அண்ணன்,
வேதசிரோமணி

•

தொட்டிப்பள்ளம்,
24.6.1968

அன்புள்ள அண்ணனுக்கு,

எண் போட்டுத் திட்டச் சொல்கிறீர்கள். எனக்கு எண் வராது. மருந்துக் கம்பெனிக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், புதுக் காகிதம் வாங்க மனம் வரவில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம்தான்.

அந்தப் பல் யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? 'பிள்ளைகள் பார்க்க வேண்டும், அனுப்பு, அனுப்பு' என்று மூன்று கடிதம் போட்டீர்கள், அனுப்பினேன். இப்போது சொல்கிறேன்.

தை மாதம், டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஓடையில் ஒரு பெண் யானை வந்து நின்றது. முன்னங்காலைச் சேற்றில் புதைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த நாளும் நின்றது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது எனக்கு வாடை தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் புண் கழுவியவளுக்குச் சீழ் வாடை தெரியாதா?

கூப்புக்காரர்கள், அதாவது மில்லுக்காகக் காட்டைக் குத்தகை எடுத்தவர்கள், மூங்கில் வெட்டி முடித்த சரிவில் போய்ப் பாருங்கள் அண்ணன். தரையெல்லாம் ஈட்டி நட்டு வைத்ததுபோல அடிக்கட்டைகள். கணுவுக்கு மேலே மட்டமாக வெட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். மேஸ்திரி பொன்னுசாமியிடம் கேட்டேன். "மட்டமா வெட்டுனா மூணு வெட்டுங் சிஸ்டர். சாய்ச்சு வெட்டுனா ஒரே வெட்டு. மில்லுல இருந்து லாரி வந்து நின்னுக்கிட்டு ஆரன் அடிக்கறான். எங்கீங்க மட்டம் பாக்கறது?" என்றான். நல்ல மனுஷன்தான். அவன் காலிலும் அந்தக் கட்டை குத்தி நான்தான் கட்டுப் போட்டேன்.

அவன் காலுக்குக் கட்டுப் போட முடிந்தது. அவளுக்கு? என்னிடம் பெரிய ஜாடியில் புண் கழுவும் கார்பாலிக் இருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மெலிந்து மெலிந்து, ஒரு நாள் காலையில் ஓடைக்குள்ளேயே படுத்துவிட்டாள். கூட இருந்த நாலு யானைகளும், அதில் ஒன்று குட்டி, அன்றைக்கெல்லாம் அவளைத் தள்ளித் தள்ளி எழுப்பப் பார்த்தார்கள். பிறகு மரக்கிளைகளை முறித்துப் போட்டார்கள், முகத்தின் மேல்.

வெயில் காலத்தில் எலும்பாகிவிட்டாள். தாடையை நான்தான் வேப்பமரத்தடிக்கு இழுத்து வந்து பல்லை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த நாலில் ஒன்று வந்திருக்கிறது. இடது காது கிழிந்த பெண் யானை, செத்தவளின் தங்கை என்று ஊரார் சொல்கிறார்கள். அண்ணன், செத்தவள் நின்ற அதே இடத்தில் நிற்கிறாள். அதே சேறு, அதே பக்கம் பார்த்து, அதே மாதிரி. முதல் நாள் பார்த்தபோது செத்தவள் திரும்பி வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் காதைப் பார்த்தேன். வெயில் ஏறினால் வேப்பமரத்துக்கு வந்து அதில் சாய்ந்துகொள்கிறாள். தாடை கிடந்த இடத்தைத் தும்பிக்கையால் தடவுகிறாள்.

மருந்து வாங்க வந்த மாதி, காட்டுச் சோளகர் வீட்டுக் கிழவி, சொன்னாள்: "பல்லைக் குடுத்திரு தாயி. வாங்கிட்டுப் போயிரும்."

நான் நம்பவில்லை. உங்களிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சேலையூருக்கு வருவதைப் பற்றி: உங்கள் மின்விசிறி நன்றாகச் சுற்றட்டும்.

உங்கள் தங்கை,
தபீதாள்

•

சேலையூர்,
5.7.1968

பிரியமான தபீதாளுக்கு,

உன் கடிதத்தை ரத்தினபாய்க்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பிறகு, "அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

நான் கொடுக்கும் நிலையில் இல்லை. பல் இப்போது பள்ளிக்கூடத்துச் சொத்து. தலைமை ஆசிரியர் ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடிப் பெட்டி செய்து, அதில் என் பெயரையும் எழுதி, காலைக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார். மாலை போட்டவரிடம் போய், 'யானை கேட்கிறது, கொடுங்கள்' என்று எப்படிக் கேட்பது? இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போனேன். ஒரு தடவை மணி எத்தனை என்று கேட்டேன். இன்னொரு தடவை அதையும் கேட்கவில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் விஞ்ஞான அறையில் தனியாக இருந்தேன். பல்லின் மேல்பக்கம் வயல் வரப்பு போல வரிசை வரிசையாக மேடும் பள்ளமும் இருக்கிறது அல்லவா? ஒரு பள்ளத்தில் ஏதோ அடைத்திருந்தது. குண்டூசியால் நெம்பினேன். நார், மென்ற மூங்கில் நார். வெளுத்து, காய்ந்து, மயிர் போல மெல்லியதாக இருந்தது. அவள் கடைசியாகத் தின்றதாக இருக்கும்.

அதை அப்படியே ஒரு தாளில் வைத்துக்கொண்டு ஹிதாயத்துல்லா கடைக்குப் போனேன். அங்கே மில் காகிதம் கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருந்தது. ஒரு ஓரத்தைக் கிழித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். கிழிந்த விளிம்பில் அதே நார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஹிதாயத்துல்லா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பல்லு குத்திகினு வந்து என் பேப்பரப் பாக்கறே?"

விஷயத்தைச் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பாவந்தான் சார். வாயில்லா ஜீவன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதே. ஜூலை வந்துடிச்சி, புள்ளைங்க நோட்டுக் கேட்டுகினு கீது. நீ இப்பொ பேப்பர் வோணாங்கிறியா, வோணுங்கிறியா? அத்தச் சொல்லு, நான் தைக்கிறதா வோணாமான்னு பாக்கறேன்" என்றார்.

தைக்கச் சொன்னேன்.

அப்போதிலிருந்து எனக்கு ஒரு சங்கடம். சங்க வேலையாகப் பள்ளிக்கூடம் போகும்போது, வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்தாற்போல் பக்கம் புரட்டினால் அந்தச் சத்தம் என் காதில் வேறாக விழுகிறது. ஏதோ ஒன்று நிதானமாக, அவசரமில்லாமல், மென்றுகொண்டிருக்கிற மாதிரி. பரீட்சை நடக்கும் அறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். வயதானால் காது இப்படி ஆகும் என்று நினைக்கிறேன்.

என் முதல் கடிதத்தின் நான்காவது விஷயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. நீயும் நம்பவில்லை என்றுதானே எழுதியிருக்கிறாய்?

அன்புள்ள அண்ணன்,
வேதசிரோமணி

•

தொட்டிப்பள்ளம்,
16.7.1968

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நம்புகிறேனா இல்லையா என்பது இனிமேல் முக்கியமில்லை. பல்லை அனுப்புங்கள்.

கிழிந்த காது இப்போது மரத்தை விட்டுவிட்டாள். டிஸ்பென்சரிச் சுவருக்கே வந்துவிட்டாள். தோளைச் சுவரில் கொடுத்து நிற்கிறாள். சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். உள்ளே மருந்து புட்டிகள் கிணுகிணுவென்று ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. தும்பிக்கை நுனியை ஜன்னல் கட்டை மேல் வைக்கிறாள். எதையும் எடுப்பதில்லை. சும்மா வைத்திருக்கிறாள், ஈரமாக. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், அண்ணியிடம் வாசிக்க வேண்டாம். ஜன்னல் வழியாக அந்த வாடை வருகிறது. தை மாதத்து வாடை. ஓடையில் கிடக்கிற எலும்புகள் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டன, போய் முகர்ந்தே பார்த்தேன், ஒன்றுமில்லை. ஆனால் இவள் வந்து நின்றால் செத்தவளின் வாடை இவளோடு வருகிறது. வேதத்துச் சங்கீதம் சொல்லிப் பார்க்கிறேன். வாடை போகவில்லை.

ஊரில் ஒருவரும் இந்தப் பக்கம் வருவதில்லை. போன வாரம் மாதியின் மருமகளுக்கு வலி கண்டது. யானை நிற்கிறது என்று என்னிடம் கொண்டுவரப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஆள் வந்து சொல்லி நான் பின்பக்கமாக ஓடிப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. நீலமாக இருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் என்றால் காப்பாற்றியிருப்பேன். மாதி என்னைத் திட்டவில்லை. "பல்லைக் குடுத்திருக்கலாம் தாயி" என்றாள்.

நேற்று கூப்புக் காண்ட்ராக்டர் ஜெயவேலுவும் ரேஞ்சரும் வந்தார்கள். ஜெயவேலு வெற்றிலைத் தட்டோடு வந்தார். "சிஸ்டர், அது வெறி புடிச்சதுங்க. கூப்புல ஆளுக வேலைக்கு வரமாட்டேங்கறாங்க. மில்லுல எம்மேல பாயறாங்க. அதுனால ஆஸ்பத்திரிக்கே ஆபத்துன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்க. மேல உத்தரவு வாங்கிச் சுட்டுப்புடலாம்" என்றார். ரேஞ்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆடி பிறந்து இரண்டு வாரத்தில் திரும்பி வருவார்களாம்.

ஒருத்தியைச் சீழில் சாகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தியைச் சுடக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடாவிட்டால் அடுத்த பிரசவமும் இப்படித்தான். மாதி சொல்வது மூடத்தனமாகவே இருக்கட்டும். பல்லை ஓடையில் வைத்துப் பார்க்கிறேன். அவள் போய்விட்டால் கையெழுத்துக்கு வேலையில்லை. அவர்கள் வருவதற்குள் எனக்கு அது வேண்டும். தலைமை ஆசிரியரிடம் மணி கேட்டது போதும்.

தபீதாள்

•

சேலையூர்,
29.7.1968

தபீதாளுக்கு,

அவசரம். வரிசை போடவில்லை.

பல் கிடைத்துவிட்டது. கேட்டேன். ஸ்ரீநிவாசராகவன் சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, "என்னமோ சார், இது வந்ததிலிருந்து எனக்கும் இந்த அறைக்குள் வரப் பிடிக்கவில்லை" என்றார். மூன்று வாரமாக நான் பயந்தது இதற்குத்தான். ஹிதாயத்துல்லாவின் மச்சான் ஈரோட்டுக்குத் தோல் ஏற்றிப் போகும் லாரியில் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அதுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும்.

ஆனால் பல் முக்கியமில்லை. உன் கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீ எழுதியிருப்பது இது: செத்தவள் நின்ற மாதிரியே நிற்கிறாள். மரத்தில் சாய்கிறாள். பிறகு சுவரில் சாய்கிறாள். வாடை அவளோடு வருகிறது.

காய்ந்த எலும்புக்குச் சீழ் வாடை கிடையாது. நீயே முகர்ந்து பார்த்திருக்கிறாய். பேய்க்கும் வாடை இருக்கும் என்று நான் நம்பவில்லை. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் தபீதாள், அவள் எதையும் தேடி வரவில்லையோ என்று தோன்றுகிறது. அவளால் போக முடியவில்லை. அக்காள் எதற்காகச் சேற்றில் காலை வைத்தாளோ, அதற்காகத்தான் இவளும் வைத்திருக்கிறாள். அவள் பாதத்தைப் பார். கையெழுத்துப் போடாதே. முதுமலை யானை முகாமில் மிருக டாக்டர் இருக்கிறார் என்று படித்தேன். ரேஞ்சரிடம் அவரை வரவழைக்கச் சொல்.

இது எனக்கு வெள்ளிக்கிழமையே தோன்றிவிட்டது. உறுதி செய்யாமல் எழுதக்கூடாது என்று சனிக்கிழமை காலேஜ் நூல் நிலையத்துக்குப் போய் யானை வைத்தியம் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதில் இருக்கிறது, பாதத்தில் முள்ளோ கட்டையோ ஏறினால் ஈரத்தில் வைத்துக்கொண்டு நிற்கும் என்று.

அங்கிருந்து நேராகத் தாம்பரம் தந்தி ஆபீசுக்குப் போனேன். எழுதியும் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் வார்த்தைகளை எண்ணுவதற்காக உரக்கப் படித்தார்: "யானை பாதத்தைப் பார், கையெழுத்துப் போடாதே... இன்னா பெரியவரே, ஜோசியமா?" வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதில் என் பழைய மாணவன் ஒருவனும் இருந்தான். விவரமாகக் கடிதமே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லித் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று ஞாயிறு, தபால் இல்லை. ஆகவே இன்று எழுதுகிறேன். பாதத்தைப் பார்.

வேதசிரோமணி

•

தொட்டிப்பள்ளம்,
9.8.1968

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் பல்லும் ஒரே நாளில் வந்தன. அதற்கு முந்தின நாள் காலையில் சுட்டுவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்டது நான்தான். மாதியின் மருமகள் பால் கட்டிக்கொண்டு ஜுரத்தில் கிடந்தாள். வேளாவேளைக்கு ஊசி போட்டு இங்கேயே வைத்துப் பார்க்க அவளைத் தூக்கி வர நாலு பேர் கட்டிலோடு புறப்பட்டுப் பாதி வழியில் யானையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ரேஞ்சர் வந்தார். போட்டுவிட்டேன். பேனா ஜெயவேலுவுடையது.

அவள் ஓடவில்லை அண்ணன். அத்தனை பேர் வந்தார்கள், சத்தம் போட்டார்கள், துப்பாக்கிக்காரர் இருபது அடியில் வந்து நின்றார். சுவரை விட்டு நகரவில்லை. "வெறி புடிச்ச யானைன்னாங்க, இது என்ன பசு மாதிரி நிக்குது?" என்று துப்பாக்கிக்காரரே கேட்டார். ஜெயவேலு, "நேரம் பாக்குதுங்க, நம்பாதீங்க" என்றார்.

விழுந்த பிறகு எல்லாரும் வாலையும் காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் உள்ளேயே இருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. வாசித்துவிட்டுப் போனேன்.

வலது முன்னங்கால். பாதம் இரண்டு மடங்கு வீங்கி, அடிப்பக்கம் திறந்திருந்தது. இடுக்கி போட்டு இழுத்தேன். ஒரு ஜாண் நீளத்துக்கு மூங்கில் வந்தது. கழுவினேன். நுனி இன்னும் கூராகத்தான் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் அண்ணன். பொன்னுசாமி வாசற்படி ஏறும்போது எந்தக் காலை ஊன்றவில்லை என்று பார்க்காமலே சத்தத்தில் சொன்னவள் நான். இவள் விஷயத்தில் செத்தவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், உயிரோடு நிற்பவளைப் பார்க்கவில்லை.

பொன்னுசாமியைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தான். "என்ர கத்தி வெட்டு மாதிரியே இருக்குதுங்" என்றான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். என்ன செய்வான்? மறுநாள் வேலைக்குப் போனான். லாரி வந்து நிற்கிறதே.

மருமகள் பிழைத்துக்கொண்டாள். இப்போது எல்லாரும் வருகிறார்கள். ஜெயவேலு சுவரைப் பூசித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பல்லைக் கொண்டுபோய் ஓடையில் அவள் அக்காள் எலும்புகளோடு வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. வைத்தேன். மூன்று நாள் கழித்து, மீதியிருந்த இரண்டு பெரிய யானைகளும் அந்தக் குட்டியும் வந்தன. நான் ஜன்னலுக்குள் இல்லை, வெளியே நின்று கால்களைத்தான் பார்த்தேன். மூன்றும் நன்றாக ஊன்றி நடந்தன. ஓடையில் வெகுநேரம் நின்றுவிட்டு மேற்கே போய்விட்டன. நான் போய்ப் பார்த்தபோது பல் அங்கே இல்லை. பையன்கள் எடுத்திருக்கலாம். தண்ணீர் இழுத்திருக்கலாம். தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

நீங்கள் அனுப்பிய பெட்டியிலேயே மூங்கிலை வைத்து அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்குமே.

தபீதாள்

•

சேலையூர்,
26.8.1968

பிரியமான தங்கைக்கு,

பெட்டி வந்தது. அதே குமாஸ்தா. "இந்தத் தபா லேசா கீதே சார்" என்றார்.

நீ தந்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சனிக்கிழமை கொடுத்திருந்தால் உனக்கு எப்போது கிடைத்திருக்கும் என்று தபால் ஆபீசில் கேட்கலாம் என்று இரண்டு தடவை புறப்பட்டேன். கேட்கவில்லை. தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

மூங்கிலை மேஜை மேல், பல் இருந்த இடத்தில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் ரத்தினபாய் அதன் கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தாள்.

சங்கக் கூட்டம் போன வாரம் நடந்தது. நான் காரியதரிசி ஆனதிலிருந்து எழுந்து பேசியதே கிடையாது, அறிக்கை வாசிப்பேன், உட்காருவேன். இந்தத் தடவை மூங்கிலைத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மூங்கிலை மட்டமாக வெட்டினால்தான் காகிதம் வாங்குவோம் என்று மில்லுக்கு எழுத வேண்டும் என்றேன். ஒருவர், "நாம் வாங்குவது ஒரு லாரி. நாம் இல்லையென்றால் அவர்களுக்கு என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது ஹிதாயத்துல்லா பின்னாலிருந்து, "லட்டர் ஒண்ணு போட்டா கை இன்னா தேஞ்சிடுமா? போடு சார். வாத்தியாரு கேக்கறாரு இல்ல" என்றார். போட்டோம். பதில் வந்துவிட்டது. ஆலோசனைக்கு நன்றி தெரிவித்திருக்கிறார்கள். மிக நல்ல காகிதத்தில் இருக்கிறது.

நோட்டுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாகிவிட்டது. பெரும்பாக்கத்துப் பெண் ஒருத்தி வாங்கியவுடன் முகர்ந்து பார்த்து, "வாசனையா கீது சார்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளிடமிருந்து அதை வாங்கிவிட என்னால் முடியாது. அடுத்த வருஷமும் கொடுப்பேன். ஆனால் அந்தச் சத்தம் நிற்கவில்லை, தபீதாள். இப்போது நான் எழுதும்போதும் கேட்கிறது. இந்தத் தாளைத் திருப்பினால் கேட்கும் என்று பயந்து ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன். உனக்கு இது வீண் செலவாகத் தெரியும்.

பின்னறைக்கு நீ வரமாட்டாய் என்று தெரிந்துகொண்டேன். ஐந்தாவது விஷயத்தைத் திரும்பப் பெறுகிறேன். தவறு என்பதால் அல்ல, பயனில்லை என்பதால். இரண்டாவது இன்னும் பாதி உண்மை, பாதியை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறேன். நான்காவதில், அவள் எலும்பைத் தேடி வரவில்லை என்ற அளவில் நான் சொன்னது சரியாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அந்தப் பல் எங்கே போயிற்று என்றும் எனக்குத் தெரியாது.

எண்ணைக் குறிப்பிட்டு எழுது என்று சொல்லியிருந்தேன். நீ எழுதவில்லை, எனவே நானே எழுதுகிறேன். மூன்றாவது. யானைக்கு நாலு கால் இருக்கிறது, காடு பெரியது என்று எழுதியிருந்தேன். பச்சைப் படத்தை மட்டும் பார்த்து எழுதியது.

அது தவறு.

அன்புள்ள அண்ணன்,
வேதசிரோமணி